கண்மாயைத் தோண்டும் முன் ஒரு மழைக்காலம் நடந்து பாருங்கள்

சுற்றுச்சூழல் அறிவியலோ பொறியியலோ படித்து முடித்து, ஊர்ப்பக்கம் போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு கண்மாய்க் கரையில்தான் வந்து நிற்கிறார்கள். சொந்த ஊர்க் கண்மாய் கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பொறுக்காமல், வெளியூர் வேலையில் சேர்த்த காசோடு வருகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஜேசிபி மணிக்கு என்ன வாடகை?" அந்தக் கேள்வியை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வதற்காகவும், அந்த மாதங்களில் என்ன செய்வது என்று சொல்வதற்காகவும் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. வடக்கே ஏரி என்பதை மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்போம், திருநெல்வேலியில் குளம் என்பார்கள். பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். சரிவான நிலத்தில் தாழ்வான பக்கம் மட்டும் பிறை வடிவில் ஒரு மண்கரை. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மேலேயுள்ள காட்டிலிருந்தும் மேல் கண்மாயிலிருந்தும் தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். தேங்கும் இடம் உள்வாய். வயலுக்குத் திறந்துவிடுவது மடை. மிஞ்சிய தண்ணீர் தானாக வழிவது கலுங்கு. அங்கே வழிந்தது அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகும். இந்த ஐந்தில் ஒன்றைத் தொட்டால் மற்ற நான்கும் அசையும். கையில் இயந்திரம் கிடைத்ததும் நாம் உள்வாயை மட்டும் பார்ப்பதால்தான் தவறுகள் நடக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகை: தண்ணீரோடு நடங்கள்

வேலையைத் தொடங்க வேண்டிய மாதம் ஐப்பசி. வேலை என்றால் நடை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. தென்மாவட்டக் கண்மாய்களுக்கு அதுதான் உயிர். மழை அடித்து ஓய்ந்த அரைமணி நேரத்துக்குள் குடையும் செருப்பில்லாத காலுமாகக் கிளம்பி, கரையிலிருந்து தண்ணீர் வரும் திசைக்கு எதிராக நடங்கள்.

நான் முதன்முதலில் வேலை செய்த கண்மாயில் ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊர் நியமித்த ஆள். சில ஊர்களில் மடைக்குடும்பர் என்பார்கள், வடக்கே நீர்க்கட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். கரையில் நின்று உள்வாயைக் காட்டி, இங்கே எவ்வளவு ஆழம் எடுக்கலாம் ஐயா என்று நான் கேட்டபோது அவர் உள்வாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. "தண்ணி நிக்கிற எடத்தயே பாத்துக்கிட்டு நிக்கிறீகளே தம்பி, தண்ணி வார வழியப் பாத்தீகளா?" என்றார். அன்று மாலை அவர் பின்னால் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். வரத்துக்கால் ஓரிடத்தில் தார்ச்சாலையைக் கடந்தது. சாலைக்கு அடியில் போட்டிருந்த சிமெண்ட் குழாய், வாய்க்கால் தரையைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. மழைத்தண்ணீர் குழாய்வாய் வரை வந்து ஏற முடியாமல், பக்கத்துத் தரிசில் சிவப்பாகப் பரவி நின்றுகொண்டிருந்தது. கண்மாய் ஏன் நிறையவில்லை என்பதற்கான விடை அந்த ஒரு முழ உயரத்தில் கிடந்தது. கோடையில் போயிருந்தால் அது வெறும் குழாய், கண்ணில் பட்டிருக்காது.

நடக்கும்போது ஒரு நோட்டும் கைபேசியும் போதும். வாய்க்கால் எங்கே குறுகுகிறது, எங்கே வேலிக்குள் போய்விட்டது, எங்கே வீட்டுச் சாக்கடை சேர்கிறது, எங்கே செங்கல் சூளைக்காகக் கரையை வெட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று படம் எடுத்து இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி காட்டும் நெட்டாங்கு, அகலாங்கு நமக்குப் போதுமான துல்லியம். அது காட்டும் உயரத்தை மட்டும் நம்பவே வேண்டாம். மீட்டர் கணக்கில் தவறும், நம் வேலையோ அங்குலக் கணக்கு. வீட்டுக்கு வந்து இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைத் தரவிறக்கி, அதில் நடந்த வழியை வரையுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் பின்னோக்கிப் போய், வாய்க்கால் எந்த ஆண்டுவாக்கில் மறைந்தது என்று பாருங்கள்.

கலுங்குக்குக் கீழேயும் நடக்க வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். நீங்கள் கலுங்கை உயர்த்தினால் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர் குறையும், மேலே உள்வாயை ஒட்டிய பட்டா நிலங்கள் மூழ்கும். இரண்டு ஊர்ச் சண்டைக்கு அரை அடி கலுங்கு போதும்.

மார்கழி, தை: கண்மாய் யாருக்கெல்லாம் சோறு போடுகிறது

உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றொரு தனிக் குழு இருந்ததைச் சொல்கின்றன. குடவோலையில் சீட்டெடுத்து ஆட்களைப் பொறுக்கினார்கள். ஊர் கூடிப் பார்த்த நீர்நிலைதான் நிலைக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சபையில் எல்லோரும் உட்காரவில்லை. இன்றைக்கு நீங்கள் கூட்டும் கூட்டத்திலும் அப்படித்தான் இருக்கும். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்பரப்பில், நிலம் உள்ள ஆண்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதை ஊரின் விருப்பம் என்று எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

ஆடு மேய்ப்பவருக்குக் கண்மாய் கோடையில் புல்தரை. கடைசிக் குட்டை வற்றும்வரை அங்கேதான் தண்ணீர் காட்டுவார். மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு அது ஓராண்டு முதலீடு. மடையை எப்போது திறக்கிறீர்கள் என்பதில் அவர் லாபநட்டம் இருக்கிறது. விறகு வெட்டும் பெண்களுக்கும், ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் சீமைக் கருவேலம்தான் அன்றாடக் கூலி. மண்பாண்டம் செய்யும் வேளாருக்குக் களிமண் வேண்டும். அறுப்பு முடிந்த வயலுக்கு வாத்துக் கிடை ஓட்டி வருகிறவர், இறங்கிக் குளிக்க இன்றுவரை தனிப் படித்துறை ஒதுக்கப்பட்ட தெருக்காரர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களில் பாதிப்பேர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்காருங்கள். ஆட்டுக்கிடையில் சாயங்காலம் உட்காருங்கள். எல்லாத் தெருவுக்கும் பொதுவான இடம் பள்ளிக்கூட வளாகம். ஊர்க்கூட்டத்தை அங்கே வையுங்கள்.

கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். "கண்மாயில் என்ன பிரச்சினை?" என்றால் "தூர்வாரணும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். "போன தடவை கலுங்கு பாய்ந்தது எந்த வருஷம்? அன்னைக்கு எந்த வழியா தண்ணி வந்தது? பங்குனியில் எந்த இடத்தில் கடைசியாக தண்ணி கிடக்கும்?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு வரைபடம் சொல்வார்கள். தரையில் கோலப்பொடியால் கண்மாயை வரைந்து, கல்லும் இலையும் வைத்துக் காட்டச் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் மிகத் துல்லியமாக வைக்கிறார்கள்.

பறவைகளைப் பற்றியும் இவர்களிடமே கேளுங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வேடந்தாங்கலில், எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று உணர்ந்த உழவர்கள், பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். வாழிடப் பாதுகாப்பு என்று நாம் புதிதாகப் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கிற வழக்கத்தைக் கண்டுபிடித்து, அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

மாசி: அளவெடுங்கள், கணக்குப் போடுங்கள்

பொறியியல் படித்தவர்களுக்குப் பிடித்த பகுதி இது. பெரிய கருவி வேண்டாம். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயும் இரண்டு அளவுகோலும் போதும். மெல்ல நடக்கும், ஆனால் பொய் சொல்லாது. மூன்று மட்டங்களைக் கட்டாயம் எடுங்கள்: கலுங்கின் தலைமட்டம், மடையின் அடிமட்டம், கரையின் தலைமட்டம். கலுங்குத் தலைக்கும் மடை அடிக்கும் இடைப்பட்ட தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். மடை அடிக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது.

இப்போது வரவு-செலவு. 1 ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 10 கன மீட்டர் தண்ணீர். இதை மனத்தில் வைத்தால் மற்றது எளிது. மேலே 200 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு இருக்கிறது, 100 மி.மீ. கனமழை பெய்கிறது என்று வையுங்கள். மொத்தம் 2,00,000 கன மீட்டர். அவ்வளவும் வந்துவிடாது. காய்ந்த மண் முதல் மழையை முழுதாகக் குடித்துவிடும். மண் ஊறியபின், பெய்ததில் 100க்கு 15 பங்கு ஓடி வந்து சேர்ந்தது என்றால் 30,000 கன மீட்டர்.

கொள்ளளவு எவ்வளவு? தண்ணீர்ப் பரப்பு 20 ஹெக்டேர், மடையடியில் ஆழம் 3 மீட்டர் என்றால், பெருக்கி வரும் 6,00,000 கன மீட்டரை அப்படியே எடுக்கக் கூடாது. உள்வாய் ஓரத்தில் ஆழமே இருக்காது. 100க்கு 40 என்று வைத்தால் 2,40,000 கன மீட்டர். அதாவது அப்படிப்பட்ட கனமழை எட்டுத் தடவை பெய்தால்தான் கண்மாய் நிறையும். ஒரு பருவத்தில் இரண்டு மூன்று பெய்தாலே பெரிது.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். தோண்டினால் பாத்திரம்தான் பெரிதாகும், தண்ணீர் வராது என்பது அப்போது விளங்கும். குறைகிற தண்ணீர் மேல் கண்மாயின் கலுங்கிலிருந்தோ ஆற்று வாய்க்காலிலிருந்தோ வரத்துக்கால் வழியாகத்தான் வந்தாக வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் முதல் ரூபாய் வரத்துக்காலுக்கு, இரண்டாவது மடைக்கும் கலுங்குக்கும், மூன்றாவது கரைக்கு. உள்வாய் கடைசி.

தண்ணீரின் தன்மையையும் பார்த்துவிடுங்கள். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். காகிதமும் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் விலை குறைவு. கறுப்பு வெள்ளை பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தால் கலங்கல் தெரியும். கரைந்த ஆக்சிஜனை அளப்பதென்றால் விடியும்முன் போங்கள். இரவெல்லாம் பாசியும் செடியும் மூச்சுவிட்டு ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும் நேரம் அது. மதியம் அளந்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்கள், மறுவாரம் மீன் செத்து மிதந்ததைப் பார்த்திருக்கிறார்கள். சாக்கடை சேரும் கண்மாயென்றால் அதைத் தடுக்காமல் வேறு எந்த வேலையும் தொடங்காதீர்கள்.

பங்குனி: தாள்கள்

ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறையின் பொறுப்பு. 2021வரை அது பொதுப்பணித்துறைக்குள் இருந்தது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். முதலில் வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். கண்மாய்க்கும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் புல எண்ணும் பரப்பும் அதில் இருக்கும். எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தில் வாய்க்காலின் அகலம் மீட்டரில் இருக்கும். நீங்கள் மழையில் நடந்து குறித்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரிய கண்மாய்களுக்கு டேங்க் மெமாயர் என்ற பழைய குறிப்பேடு துறை அலுவலகத்தில் இருக்கக்கூடும். 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் உருவான வழக்கம் அது. கொள்ளளவும் கலுங்கு மட்டமும் அதில் கிடைக்கும்; பணிவோடு கேட்டு வாங்குங்கள்.

ஆக்கிரமிப்பு தெரிந்தால் நீங்களாக வேலியைப் பிடுங்கக் கூடாது. அளந்து அகற்றுவது அரசின் வேலை, அதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது எழுத்து மூலம் மனுவும் கிராம சபைத் தீர்மானமும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்க வேண்டாம்.

சித்திரை முதல் ஆடி வரை: வேலை

இயந்திரம் இறங்கும் முதல் நாளுக்கு முன்னதாக உள்வாயைக் காலால் சல்லடை போடுங்கள். ஒரு சித்திரையில் நாங்கள் அப்படி நடந்தபோது ஓர் ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. அசையாமல் நின்று தரையைப் பார்த்தோம். இரண்டு காலடிக்கு முன்னால், ஆட்டுப் புழுக்கையும் சரளையும் வட்டமாகக் கிடந்த சிறு பள்ளத்தில் நான்கு முட்டைகள், கூர்முனை உள்பக்கமாகத் திரும்பி, மண் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு கிடந்தன. கண்ணை எடுத்தால் மறுபடி தேட வேண்டும், அப்படியொரு மறைவு. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை, அதாவது நம் வேலைக்காலம் முழுக்க, இவை வெறுந்தரையில்தான் முட்டையிடும். சுற்றிலும் நான்கு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். ஓட்டுநருக்குக் காட்டி, அந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளினோம். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 4 வாரம். அதற்குப் பிறகு அங்கே வேலை செய்யலாம். காய்ந்த சேற்றுக்குள் விரால் ஈரம் தேடி ஒடுங்கியிருக்கும், நன்னீர் ஆமை புதைந்து கோடையைக் கழிக்கும். ஆமை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிர். தோண்டும்போது வந்தால் ஈரமுள்ள பள்ளத்தில் விட வேண்டும், யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

வேலை வரத்துக்காலில் தொடங்கட்டும். புதர் அகற்றி, படிந்த மண்ணை எடுத்து, சாலைக் குழாய்களின் மட்டத்தைச் சரிசெய்ய நெடுஞ்சாலைத் துறையிடமோ ஒன்றியத்திடமோ கேளுங்கள். வாய்க்கால் கண்மாய்க்குள் நுழையும் இடத்தில் ஓர் ஆழமில்லாத வண்டல் குழி எடுத்தால், ஒவ்வொரு கோடையிலும் அதை மட்டும் வாரினால் போதும்.

சீமைக் கருவேலம் 1877வாக்கில் இந்தியாவுக்குள் வந்தது. அதைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். வேரோடு பெயர்க்க வேண்டும். ஆடு மாடு தின்ற நெற்று சாணத்தோடு விழுந்து முளைக்கும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று மழைக்குப் பிறகும் நாற்றுகளைக் கையால் பிடுங்கினால்தான் வேலை முடிந்ததாகப் பொருள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பெயர்க்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பறவை கூடு கட்டிய மரம் எதுவானாலும், அது சீமைக் கருவேலமே ஆனாலும், பக்கத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வளர்ந்து கூட்டுக்கு இடம் தரும்வரை நிற்கட்டும். கரிமூட்டக்காரருக்கும் விறகு வெட்டுவோருக்கும் அந்த மரத்தை வெட்டும் கூலியும் பங்கும் முதலில் போக வேண்டும். மரம் அரசுச் சொத்து. ஏலமும் கணக்கும் முறைப்படி நடக்கட்டும்.

இனி வண்டல். ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குழு இரண்டாவதாக எடுத்துக்கொண்ட கண்மாயில் நன்கொடை கொடுத்தவருக்குப் பெரிய பள்ளத்தைக் காட்ட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. கரையை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே தோண்டினோம். மேலே கறுப்பாக வண்டல், அதன் கீழே சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான களி, அதற்கும் கீழே மஞ்சளாக மணல். மணல் தெரிந்ததும் நல்ல மண் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்து கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது. தை பிறந்தபோது பக்கத்து ஊர்க் கண்மாயில் தண்ணீர் கிடக்க, எங்களுடையது தரை தெரியத் தொடங்கியிருந்தது. நூற்றாண்டுகளாகப் படிந்து அடைத்துக்கொண்டிருந்த களித்தட்டைக் கிழித்துவிட்டோம்; தண்ணீர் மணல் வழியே இறங்கிப் போய்விட்டது. கிணறுகளில் ஊறியது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். நடவு செய்திருந்தவர்களுக்கு அது ஆறுதல் இல்லை. இரண்டு கோடைகள் களிமண் கொட்டி மாட்டை விட்டு மிதிக்கவைத்த பிறகே நீர் நின்றது.

ஆகவே முதலில் நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் சோதனைக் குழி எடுங்கள். வண்டல் எத்தனை அங்குலம், களி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வண்டலோடு நிறுத்துங்கள். களி தெரிந்தால் இயந்திரத்தை நகர்த்துங்கள். கரையிலிருந்து கரை உயரத்தைப் போல 10 மடங்கு தூரம் தள்ளியே தோண்டுங்கள். அதற்குள் தோண்டினால் கரையின் கால் வலுவிழக்கும். கால்நடைக்கும் மீனுக்கும் கோடைவரை தண்ணீர் வேண்டுமென்றால் நடுவில் ஒரே ஒரு கிடங்கு, சரிவான ஓரங்களோடு, ஆடு இறங்கி ஏறுகிற மாதிரி. செங்குத்தான ஓரம் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து.

மேட்டுப் பக்கத்து ஆழமில்லாத ஓரத்தை அப்படியே விடுங்கள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்கும் பறவைகள்தான் நெடுங்கால் உள்ளானும் அன்றிலும். அங்கே விளையும் கோரையும் அறுகும் மீன்குஞ்சுக்கு மறைவு, ஆட்டுக்குத் தீனி. கண்மாயைச் சுற்றிலும் கரை போட்டு நடைபாதை அமைத்து வட்டத் தொட்டியாக்குகிறார்கள் சில இடங்களில். அந்தக் கரை காட்டிலிருந்து பரவி வரும் தண்ணீரையும் அடைக்கிறது, இந்த ஓரத்தையும் அழிக்கிறது. உங்களிடம் யாராவது அப்படியொரு வரைபடம் நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

எடுத்த வண்டல் உழவர்களின் வயலுக்கும் வேளாரின் சூளைக்கும் போக வேண்டும். வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழிசெய்திருக்கிறது. வண்டல் என்ற பெயரில் கிராவலும் மணலும் வெளியே போவதுதான் இந்த வேலையின் பெரிய கறை. கரையில் ஒரு பலகை வையுங்கள்: அனுமதி எண், யாருக்கு, எத்தனை நடை, இன்றுவரை எத்தனை. ஒவ்வொரு டிராக்டரையும் நோட்டில் எழுத ஊரிலிருந்து இரண்டு பேர். இரவில் ஒரு வண்டியும் ஓடக் கூடாது.

கரைக்கு வருவோம். எடுத்த மண்ணைக் கரைமேல் கொட்டிச் சமன்செய்துவிட்டுப் போவது வேலை அல்ல, முதல் மழையில் அது உள்ளே வந்துவிடும். பழைய கரையில் புல் செதுக்கி, படிப்படியாக வெட்டி, புதுமண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, அதன்மேல் அடுத்த சாண். வெறும் வண்டல் காய்ந்தால் வெடிக்கும். களியும் சரளையும் கலந்த மண் வேண்டும். எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று ஒவ்வொன்றையும் அதன் போக்கு முடியும்வரை தோண்டிக் களியால் அடையுங்கள். உட்சரிவில் அலை அடிக்கும் இடத்தில் அலைகல் பெயர்ந்திருந்தால் திரும்ப அடுக்குங்கள். வெளிச்சரிவில் பனங்கொட்டையும் வெட்டிவேரும் நல்லது. மடைக்கும் கலுங்குக்கும் பக்கத்தில் அரசும் ஆலும் முளைத்திருந்தால் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

பாண்டிநாட்டுக் கண்மாய்களில் உள்வாய்க்குள் இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழித்தூம்பு என்ற பழைய மடை அது. அதன் கீழிருக்கும் தொட்டியில் மேல் துளை தண்ணீருக்கு, அடியில் இருப்பது சேறோடித் துளை. மடை திறக்கும்போதெல்லாம் சேறும் கொஞ்சம் வெளியேறும்படி செய்த ஏற்பாடு. தூர்வாருகிறவர்கள் அதைப் பழங்கல் என்று பெயர்த்துப் போட்ட இடங்கள் உண்டு. சுற்றிலும் பத்தடிக்கு இயந்திரம் வர விடாதீர்கள், கையால் சுத்தம் செய்யுங்கள். எழுத்துப் பொறித்திருந்தால் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

ஆவணி, புரட்டாசி

புரட்டாசி பிறக்கும்போது இயந்திரம் வெளியே போயிருக்க வேண்டும். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டால் தளர்ந்த கரை உடையும். மீதியை அடுத்த ஆண்டுக்கு வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மடைப்பலகையை எண்ணெய் போட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். மடைச் சுவரில் அடிக்கணக்கில் பெயிண்டால் அளவுகோல் வரையுங்கள், மடை அடிமட்டம் சுழியம். நீர்பாய்ச்சிக்கு ஊர் எவ்வளவு நெல் அல்லது சம்பளம் தரும் என்பதை இந்த மாதத்திலேயே கூட்டத்தில் பேசி எழுதுங்கள். மடையைப் பார்க்க ஆளில்லாமல் போனால், லட்சக்கணக்கில் செலவழித்த கண்மாயும் நாலு வருடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மீன்குஞ்சு விடுகிறவரிடம் ஆப்பிரிக்கக் கெளுத்தி கூடாது என்று குத்தகைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். அது தடைசெய்யப்பட்ட மீன். கட்லா, ரோகு, விரால் என்று வேறு எத்தனையோ இருக்கின்றன.

மறுபடியும் ஐப்பசி

முதல் தடவை தண்ணீர் ஏறும்போது புதுக்கரை எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த வாரங்களில் கரையில் இருங்கள். நூறு மணல் மூட்டை, பத்து மண்வெட்டி, இரண்டு பெட்ரோமாக்ஸ் அல்லது நல்ல டார்ச், ஒன்றிய அலுவலகத்தின் எண், இரவில் எழுப்பினால் வரக்கூடிய பத்துப் பேரின் எண் தயாராக இருக்கட்டும். கரையின் வெளிப்பக்க அடியில் காலையும் மாலையும் நடந்து கசிவு பாருங்கள். தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் அந்த இடத்தில் குச்சி நட்டு, கூடுகிறதா என்று தினமும் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது. உடனே மூட்டைகளால் அதைச் சுற்றி வளையம் கட்டி, உள்ளே சரளை போட்டு, அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மடையைத் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தினமும் காலையில் மடை அளவைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒரு டப்பாவில் மழையளவு. தையில் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அன்று காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளோடு கரையில் நின்று 15 நிமிடம், கண்ணில் பட்டதையெல்லாம் இனம்வாரியாக எண்ணி எழுதுங்கள். அதே இடம், அதே நேரம், ஒவ்வொரு ஆண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் மழையில் நடந்து வரைந்த வரத்துக்கால் படத்தை ஒட்டிவைத்து, அந்த நோட்டை நீர்பாய்ச்சி வீட்டில் கொடுத்துவிடுங்கள்.